தலெந்தா அக்கா வெட்டிய மாத்திரைகள்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் பக்லவா என்ற அடுக்கு இனிப்புத் தட்டை அளவுகோல் வைக்காமல் வெட்டக்கூடியவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். தலெந்தா அக்கா அவர்களில் ஒருவர். ஒரு பெரிய தட்டில் நூற்றிருபது துண்டு. முதலில் நீளவாக்கில் இழுப்பார், பிறகு சாய்வாக. கத்தி ஓரிடத்திலும் தயங்காது. அவர் வேலை பார்க்கும் இனிப்புக் கடையின் முதலாளி மொன்ஸிஃப் வேண்டுமென்றே இரண்டு துண்டை எடுத்துத் தராசின் இரண்டு தட்டிலும் போட்டு, முள் அசையாமல் நிற்பதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவாராம்.

"பாத்துக்கோங்க, இவ புருஷனைத் திட்டினாக்கூட மாமியாருக்கும் சரிபங்கு எடுத்து வெச்சிட்டுத்தான் திட்டுவா."

அக்கா தலை நிமிராமல், "உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு முதலாளி, இப்பவே வேணுமா?" என்பாராம்.

இதெல்லாம் பிற்பாடு கேட்டது. நான் அவரை முதலில் பார்த்தது மருத்துவமனையில், குழந்தைகள் மனநலப் பிரிவில். அங்கே ஒரு மருந்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கேள்வித்தாள் நிரப்புவது, மாத்திரை கொடுப்பது, மிச்சம் வந்ததை எண்ணிப் பதிவது, இவைதான் என் வேலை. அக்கா இரண்டு கையிலும் இரண்டு பையன்களைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே குழல்விளக்கு ஒன்று ரீங்கரித்துக்கொண்டிருந்தது. "அதை அணைச்சிடு தம்பி, அப்பத்தான் இவன் வருவான்" என்றார். அணைத்தேன். வந்தார்கள்.

நிஸார், ஃபிராஸ். இரட்டையர், எட்டு வயது. முகம் ஒன்று, தொல்லை வேறு வேறு. நிஸாருக்குச் சத்தம் ஆகாது. தெருவில் ஒரு மொபெட் முடுக்கிக்கொண்டு போனால் போதும், காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வான். வண்டி போய் அரை மணி நேரம் ஆனாலும் அவனுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிராஸுக்கு நிறுத்தத் தெரியாது. கதவைத் திறந்து மூட ஆரம்பித்தால் திறந்து மூடிக்கொண்டே இருப்பான். சிரிக்க ஆரம்பித்தால் அது அழுகையில் போய் விழும்வரை சிரிப்பான். இருவருக்கும் பேச்சு வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதுமில்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலை.

"வயித்துக்குள்ள ஒருத்தன் மேல ஒருத்தன் கால் போட்டுக்கிட்டுத்தான் கிடந்தானுங்க, ஸ்கேன்ல நானே பாத்தேன். வெளிய வந்ததும் என்ன கோபமோ" என்றார் அக்கா. கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அவர் கெர்கென்னாத் தீவில் பிறந்தவர். ஐந்து பெண்கள் இருந்த வீட்டில் நான்காமவர். பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை வராமல் மீன் நறுக்கியதால், கல்யாணம் ஆகிப் படகேறும்வரை அந்தக் கத்தி அவரிடமே இருந்தது. கணவர் லஸ்ஹர் நகரத்துக்குத் தெற்கே உப்பளத்தில் வேலை செய்கிறவர். பத்து வருஷம் பிள்ளை இல்லை. பிறகு இரண்டாக வந்தது. பால் போதவில்லை. திடமாக இருக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலும் மற்றதற்குப் புட்டிப்பாலும் கொடு என்று சொன்னவர்களை அக்கா வாசலோடு அனுப்பினார். காலையில் வலது பக்கம் யாருக்கு, மாலையில் யாருக்கு என்று மறக்காமலிருக்க உடுப்பில் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொண்டார். காபேஸ் ஊரில் இருந்த நாத்தனார் ஒருவர் ஒரு பிள்ளையைத் தான் வளர்ப்பதாகச் சொல்லி வந்தார். "எதைக் குடுக்கட்டும், நீங்களே கை காட்டுங்க" என்றாராம் அக்கா. வந்தவர் கை காட்டாமலே போய்விட்டார்.

ஆய்வை நடத்தியவர் டாக்டர் எம்னா. பொறுமையாகப் பேசுவார், இல்லாத நம்பிக்கையைக் கொடுக்க மாட்டார். கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளையில ஒரு உயிரணு இன்னொண்ணுகிட்ட ரெண்டு விதமாப் பேசும். ஒண்ணு 'ஓடு'ங்கும். இன்னொண்ணு 'நில்லு'ங்கும். அந்த 'நில்லு' இருக்கே, புள்ள வயித்துக்குள்ள இருக்கும்போது அதுவும் 'ஓடு'ன்னுதான் வேலை செய்யும். பிறக்கிற சமயத்துல உயிரணுவுக்குள்ள இருக்கிற உப்புல ஒரு பாகம் வெளியேறும். அதுக்கு அப்புறம்தான் 'நில்லு'ன்னா நிக்கும். சில பிள்ளைங்களுக்கு அந்த உப்பு உள்ளேயே தங்கிடுதோன்னு ஒரு சந்தேகம். அப்படித் தங்கிட்டா, ப்ரேக்கை அழுத்த அழுத்த வண்டி வேகமாப் போற மாதிரி."

லஸ்ஹர் அண்ணன் தன் வெடித்த கைகளைப் பார்த்துக்கொண்டார். "இருபது வருஷமா உப்பைச் சுரண்டிச் சுரண்டித்தான் சாப்பிடுறோம். அது என் புள்ளைங்க தலைக்குள்ளயும் போயிடுச்சா டாக்டரம்மா?"

"அந்த உப்பு வேற, இந்த உப்பு வேற. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"நான் குழம்புல கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவேன்" என்றார் அக்கா, மெதுவாக.

"அதுவும் இல்லம்மா."

ஆனாலும் அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு குறைந்துபோனதாக அண்ணன் பிறகு என்னிடம் முறையிட்டார்.

மருந்து புதிதல்ல. இதயம் வீங்கியவர்களுக்கு நீர் பிரியக் கொடுக்கும் பழைய மாத்திரைதான். அது உயிரணுவுக்குள் இருக்கும் உப்பையும் குறைக்கும் என்பதால் பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம். அதில் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பார்வைக்கு, ருசிக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்பதை வெளிநாட்டில் இருந்த ஒரு கணினி தீர்மானித்தது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொன்னபடி மாத்திரை கொடுத்து மூன்று மாதம் முடித்தால், அடுத்த ஆறு மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்மையான மருந்து. எல்லாத் தாய்மாரும் அந்த ஆறு மாதத்துக்காகத்தான் வந்தார்கள்.

"கூடப் பிறந்தவனுங்கன்னு அந்த கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியாதுக்கா. வெறும் எண்தான்."

"அப்ப ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்குச் சுண்ணாம்பு, அப்படியும் வருமா?"

"வரலாம்."

"ரெண்டு பேருக்கும் மருந்தாவும் வரலாம்?"

"வரலாம்."

மூன்றாவது விதமாகவும் வரலாம் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விதிகள் எழுதிய தாளை வாசித்துக் காட்டினேன். ஒரு பிள்ளையின் புட்டியை இன்னொரு பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற வரியையும் வாசித்தேன். எனக்குக் கூட்டத்தில் குரல் எழும்பாது, வேகமாகவும் படித்துவிடுவேன். அக்கா தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், இரண்டு புட்டியையும் தன் துணிப்பையில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். ரத்தம் எடுப்போம், எடை பார்ப்போம், புட்டியில் மிச்சம் இருப்பதை எண்ணுவோம். மற்ற வீடுகளில் ஒன்று கூடும், இரண்டு குறையும். மறந்துபோச்சு, துப்பிட்டான், பூனை உருட்டிடுச்சு. அக்காவின் இரண்டு புட்டியிலும் எண்ணிக்கை பிசகியதே இல்லை. டாக்டர் எம்னா மற்ற தாய்மாரிடம் அவரைக் காட்டி, "இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார்.

ஆறாவது வாரம் அக்கா உள்ளே வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, எழுதிக்கோ. ரெண்டு பேரும் மேசையில பக்கத்துல பக்கத்துல உக்காரானுங்க. நாற்காலியோட நாற்காலி ஒட்டி."

"எவ்வளவு நேரம்?"

"காலையில அஞ்சு நிமிஷம், சாயந்தரம் அஞ்சு நிமிஷம். நேத்து ஃபிராஸோட முழங்கை நிஸார் மேல இடிச்சுது. அவன் நகரவே இல்ல. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

எழுதிக்கொண்டேன். லஸ்ஹர் அண்ணன் பின்னால் நின்று சிரித்தார். "மருந்துதான் ரெண்டு புட்டியும், சந்தேகமே இல்ல. எங்க வீட்டுக் கழிப்பறைக்கு இனிமே வரிசைச் சீட்டு குடுக்கணும். ரெண்டும் மாத்தி மாத்திப் போகுதுங்க."

அது ஜூலை மாதம். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி எல்லா வீட்டுக்கும் நாங்களே சொல்லியிருந்தோம். ஆனாலும் நானும் அவர் சொன்னதை நம்பினேன்.

பத்தாவது வாரம். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் இருவரும் டாக்டர் அறையில் அப்பாவோடு. நிஸாரின் புட்டியைத் தட்டில் கவிழ்த்தேன். மாத்திரைகளோடு ஒரு பாதி மாத்திரை விழுந்தது. ஃபிராஸின் புட்டியைக் கவிழ்த்தேன். அதிலும் ஒரு பாதி. உடைந்த பாதி இல்லை. அப்படி ஒரு நேர்க்கோட்டில் மாத்திரையை யாராலும் உடைக்க முடியாது.

"அக்கா, இது எப்படிப் பாதியாச்சு?"

"அதுவா? போன செவ்வாக்கிழமை நிஸாருக்குக் காய்ச்சல். காலைல குடுக்கல. அவன் பங்கு அப்படியே நின்னுபோச்சு."

"பங்கா?"

அக்கா கைகளை மேசை மேல் வைத்து, சமையல் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார். "ரெண்டு புட்டியிலருந்தும் ஒவ்வொண்ணு எடுப்பேன். ரெண்டையும் சரிபாதியா வெட்டுவேன். இதுல பாதி, அதுல பாதி, இவனுக்கு. மிச்சம் அவனுக்கு. எது மருந்தோ எது சுண்ணாம்போ, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போயிடும்ல?"

"முதல் நாள்லருந்தா?"

"பின்ன?"

"மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருந்துதேக்கா."

"மாத்தலையே தம்பி. நிஸாரோட புட்டியை ஃபிராஸுக்குக் குடுத்தேனா? பங்குதானே வெச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "என்ன தம்பி? தப்பா?"

என் பக்கத்தில் கைகழுவும் தொட்டி இருந்தது. அந்த இரண்டு பாதிகளும் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. குழாயைத் திறந்தால் போய்விடும். இன்னும் இரண்டு வாரம். அக்கா என்னைக் கெஞ்சவில்லை, தப்பா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டால் பொறுப்பு தாளுக்குப் போய்விடும் என்று நினைக்கிற ஆள் நான். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன்.

டாக்டர் எம்னா அதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுதிட்டியா" என்று மட்டும் கேட்டார். கேள்விபோலவும் இல்லை. எழுதியதை அடிக்க முடியாது. நான்கு நாள் மின்னஞ்சல், தொலைபேசி. அவர் ஆய்வை ஏற்பாடு செய்த வெளிநாட்டுக்காரர்களோடு குரலை உயர்த்திப் பேசியதை முதல்முறையாகக் கேட்டேன். பதில் வந்தது. பையன்களின் இரண்டு எண்களும் ஆய்விலிருந்து நீக்கம். அடுத்த ஆறு மாத மருந்தும் கிடையாது.

புட்டிகளைத் திருப்பிக் கொடுக்கக் கணவனும் மனைவியும் பையன்களோடு வந்தார்கள். டாக்டர் சொல்லி முடித்ததும் லஸ்ஹர் அண்ணன் எழுந்து நின்றார்.

"ரெண்டு வாரம்! ரெண்டு வாரம் பொறுத்திருந்தா என்னடி போச்சு உனக்கு? உன் கத்தியை எடுத்துக்கிட்டு அங்கயும் வந்துட்டியா?"

"முதல் நாளே பொறுக்க முடியல" என்றார் அக்கா. "உங்களால முடியுமா? எந்தப் புள்ளையைப் பாத்து உனக்கு இல்லடான்னு சொல்லியிருப்பீங்க? பேரைச் சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். எந்தப் பெயரும் வரவில்லை. வெளியே போய்விட்டார். கீழே அவருடைய மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. நிஸார் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அக்கா டாக்டரிடம் கேட்டார். "பழைய மாத்திரைதானேன்னு சொன்னீங்க? கடையில வாங்கிக்கிறேனே?"

"பெரியவங்க அளவுலதாம்மா கடையில இருக்கு. அளவு தப்பினா இதயம் நின்னுடும். இங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாத்துக் குடுத்தோம். வெளிய என்னால எழுதித் தர முடியாது. பொய் சொல்லல, நம்புங்க."

"நம்புறேன்" என்றார் அக்கா. எழுந்தார். வாசலில் என்னிடம் மட்டும், "என்னைக்காவது தெரிஞ்சா வந்து சொல்லு தம்பி, ரெண்டுல எது மருந்துன்னு. மனசு ஆறும்" என்றார். என் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினோரு மாதம் கழித்துப் பட்டியல் திறக்கப்பட்டது. எண்களுக்கு எதிரே மருந்து அல்லது வெறும் மாத்திரை. மொத்தமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று வந்தது. சில பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ நடந்திருந்தது. ஏன் அவர்களுக்கு மட்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் விரலை வைத்துக் கீழே கீழே வந்தேன். நிஸாரின் எண். வெறும் மாத்திரை. அடுத்த வரி ஃபிராஸ். வெறும் மாத்திரை.

வெறுமையில் பாதியை வெறுமையில் பாதியோடு அவர் அத்தனை துல்லியமாகச் சேர்த்திருக்கிறார். அவர் வெட்டியதால் ஒரு துளிகூடக் கலக்கவில்லை. நான் எழுதாமலிருந்தால் ஆய்வில் ஓர் எண்கூட மாறியிருக்காது. இரண்டு வாரத்தில் பையன்களுக்கு மருந்து வந்திருக்கும். அந்தச் சில பிள்ளைகளில் இவர்களும் இருந்திருப்பார்களா, தெரியாது. இனி யாருக்குமே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். தெனியூர் சாலை, ஐந்தாவது கிலோமீட்டர், பச்சைக் கதவு. லஸ்ஹர் அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். நிஸார் மொட்டை மாடியில் இருப்பதாக அக்கா சொன்னார். ஃபிராஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். வாயைத் திறந்து வைத்திருந்தான். பல் மருத்துவரிடம் காட்டுவதுபோல, அகலமாக.

அக்கா காப்பி ஊற்றிக்கொண்டே, "சொல்லு" என்றார்.

"ரெண்டுமே வெறும் மாத்திரைதான்க்கா."

காப்பி சிந்தவில்லை. கோப்பை நிறைந்ததும் பாத்திரத்தை நிமிர்த்தினார். "ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அப்ப பக்கத்துல பக்கத்துல உக்காந்தது?"

 அவர் மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உதடு காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது.

"நான் வெட்டுறதைப் பாக்கத்தான் வந்து உக்காந்திருக்கானுங்க" என்றார். யாரிடமும் சொல்லாததுபோல இருந்தது குரல். "காலைல ஏழு மணி. ஒரே இடம், ஒரே சத்தம், டக், டக். அப்புறம் வாயைத் திறப்பானுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா. நீங்க புட்டியைத் திருப்பி வாங்கிக்கிட்ட பிறகும் வந்தானுங்க தம்பி. ஒரு மாசம் ரெண்டு பேரும் வந்தானுங்க. மாத்திரை இனிமே வராதுன்னு தெரிஞ்சதும் நிஸார் விட்டுட்டான். மாடிக்குப் போயிட்டான். இவனுக்கு விடத் தெரியல. பாதாமைப் பாதியா வெட்டி வெச்சேன், துப்பிட்டான். சீனிக்கட்டி வெச்சேன், துப்பிட்டான். அந்த ருசிதான் வேணுமாம்."

"தினமுமா?"

"ஏழு மணிக்குத் திறப்பான். தானா மூடுறப்ப மூடுவான்."

திடீரென்று அவர் முகம் மாறியது. அந்த ஆறாவது வாரத்து முகம். நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, வெறும் மாத்திரைன்னா அதுல ஒண்ணுமே இல்லதானே? யாருக்கும் ஒண்ணும் ஆகாதுதானே? அப்ப அதைக் குடுக்கலாம்ல. ஒரே ஒரு புட்டி. டாக்டரம்மாகிட்ட நான் கேக்குறேன், கையெழுத்துப் போட்டுத் தரேன். நான் இங்க உக்காந்து வெட்டினா அந்தச் சத்தத்துக்கு நிஸார் இறங்கி வருவான். பக்கத்துல உக்காருவான். அஞ்சு நிமிஷம் போதும் எனக்கு."

"ஆய்வு முடிஞ்சதும் மிச்சத்தையெல்லாம் எரிச்சுட்டாங்கக்கா. அப்படித்தான் விதி."

"மருந்தை எரிச்சிருப்பாங்க. வெறும் மாத்திரையையுமா?"

"அதையும்தான்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

"சுண்ணாம்பை எரிச்சு என்னத்தைக் கண்டானுங்க" என்றார் அக்கா.

எழுந்து போய் மகன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவனைத் தொடவில்லை. அவன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முடிஞ்சுபோச்சுடா ராசா. இனிமே வராது. மூடிக்கோ. வாயை மூடிக்கோ."

மணி ஒன்பதரை ஆகியிருந்தது. ஃபிராஸ் வாயை மூடவில்லை. அவன் பக்கத்து நாற்காலி மேசைக்கு அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.